மூன்று செடிகளுக்கு ஒரு குளிர்காலம்

எங்கள் வீட்டுக்குத் தினமும் ஐஸ் வர ஆரம்பித்த கார்த்திகை மாதத்தில் எனக்கு இருபத்தாறு வயது. ராயபுரத்தில் மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். கீழே ஒரு கூடமும் சமையலறையும். மாடியில் ஓடு வேய்ந்த ஒற்றை அறை. அந்த அறையில் அண்ணன் இருந்தான். அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகியிருந்தது. நாங்கள் இரண்டு பேர்தான்.

அண்ணன் ஒரு காலேஜில் தாவரசாஸ்திரம் சொல்லிக்கொடுக்கும் வாத்தியார்களுக்கு உதவியாளாக இருந்தவன். பிள்ளைகளுக்கு முன்னால் பூவை அறுத்துக் காட்டுவது, இலையைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டுவது, இதெல்லாம் அவன் வேலை. இரண்டு வருஷமாக இருமல். டாக்டர் மார்பில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, என்னைத் தனியாகக் கூப்பிட்டு, க்ஷயம் என்றார். தட்டு தனி, டம்ளர் தனி, துப்புகிற பாத்திரத்தில் பினாயில். காலேஜில் முதலில் நீண்ட லீவு கொடுத்தார்கள். பிறகு வரவேண்டாம் என்றார்கள். தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம் மூச்சிரைப்பு என்று சொல்லிவைத்தோம். நான் கன்னியர் நடத்திய பெண்கள் பள்ளியில் இரண்டாம் வகுப்பு டீச்சர். வீட்டில் க்ஷயம் என்று தெரிந்தால் அந்த வேலை நிற்காது.

அந்த மாடி அறையின் ஜன்னலில்தான் செடிகள் இருந்தன. காலேஜ் நாட்களில் அண்ணனுக்குப் பழக்கமான ஒரு கப்பல் டாக்டர் அமெரிக்காவிலிருந்து பாசியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தது. ஈயைப் பிடித்துத் தின்னும் செடி. இலை நுனியில் இரண்டு உதடு மாதிரி ஒரு வாய், உதட்டோரத்தில் கண் இமை போல முள். உள்பக்கம் சிவப்பு. அதில் நூல் மாதிரி மூன்று மூன்று ரோமம். ஈ உட்கார்ந்து ரோமத்தை ஒரு தடவை தொட்டால் ஒன்றும் ஆகாது. மறு தடவை தொட்டால் வாய் மூடிவிடும். முதல் தடவை பார்த்தபோது நான் சிலுவை போட்டுக்கொண்டேன். அண்ணன் சிரித்தான்.

ராயபுரத்தில் ஈக்குப் பஞ்சமா? கருவாடு காய்கிற தெரு. செடிகள் வயிறு நிறையத்தான் தின்றன. அப்படியும் இளைத்துக்கொண்டே வந்தன. கிணற்றுத் தண்ணீர் உப்பு என்று மழைத்தண்ணீரைப் பானையில் பிடித்துவைத்து அதை மட்டுமே ஊற்றினோம். ஆறு செடி வந்தது. முதல் வருஷம் இரண்டு போயிற்று, இரண்டாம் கோடையில் ஒன்று. மிச்சம் மூன்று. அவற்றின் இலைகள் ஒவ்வொரு மாதமும் சின்னதாகிக்கொண்டே வந்தன.

"இதுக்குச் சாப்பாடு குறையில்லை, தூக்கம்தான் இல்லை" என்றான் அண்ணன் ஒருநாள். "இதோட ஊர்ல மூணு மாசம் தண்ணி உறையற குளிரு. அப்போ இலையெல்லாம் கருகி, கிழங்கு மட்டும் மண்ணுக்குள்ள படுத்துக்கும். வசந்தம் வந்தா எழுந்துக்கும். இங்க பன்னிரண்டு மாசமும் வெயிலு. எப்ப படுக்கறதுன்னே தெரியாம இலை விட்டுக்கிட்டே இருக்கு. தேஞ்சு போகுது."

"மார்கழி வருதே?"

"நம்ம மார்கழி அதுக்கு சித்திரை மாதிரி."

புழல் ஏரிக்கரையில் மழை விட்டபிறகு ஈரமணலில் காலணா அளவுக்குச் சிவப்பாக ஒரு செடி முளைக்கும், அதுவும் பூச்சி தின்னும், இலையெல்லாம் பசை, ஒரு பருவம் இருந்து விதை போட்டுவிட்டுச் செத்துவிடும் என்று முன்பே சொல்லியிருந்தான். அதை வளர்க்கலாமே, அதற்குக் குளிர் வேண்டாமே என்றேன்.

"அதுக்கு நான் ஒண்ணும் செய்ய வேண்டியதில்லையே" என்றான்.

அவனுக்கு ஏதாவது செய்யவேண்டியிருந்தது. நாள் முழுக்கக் கூரை ஓடுகளைப் பார்த்துப் படுத்திருக்கிறவன். இந்த ஊர் வெயிலில் அந்தச் செடியைத் தூங்கவைத்து எழுப்பிக்காட்டி, அதை எழுதி அனுப்பினால், பழைய புரொபசர் தன்னை உட்கார்ந்து செய்கிற வேலைக்காவது திரும்ப எடுத்துக்கொள்வார் என்று நம்பினான். எடுத்துக்கொள்ளமாட்டார் என்று எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை.

ஒரு பெரிய மரப்பெட்டி, அதற்குள் ஒரு தேயிலைப் பெட்டி. இரண்டுக்கும் நடுவில் நான் அரிசி மண்டியிலிருந்து சுமந்து வந்த உமி. உள்ளே தகரம் அடித்து, அடியில் தண்ணீர் வடிய ஒரு துளை. மாடிப்படிக்குக் கீழே வெயில் படாத மூலையில் வைத்தோம். அண்ணன் படி இறங்கி வந்து, தரையில் உட்கார்ந்து, மூன்று செடியையும் தொட்டியிலிருந்து எடுத்தான். இலைகளைக் கத்தரித்தான். சின்ன வெங்காயம் போல வெள்ளைக் கிழங்கு மிஞ்சியது. அதை ஈரப்பாசியில் சுற்றி, ஆணியால் துளை போட்ட ஒரு பிஸ்கோத்து டப்பாவில் வைத்தான். அவ்வளவு வேலைக்கே வியர்த்துக் களைத்துப்போய், மாடிக்கு ஏற என் தோளைப் பிடித்துக்கொண்டான். தோள் மேல் கிடந்த கையில் எடையே இல்லை.

ஐஸ் கேட்க நான்தான் ஹார்பர் பக்கம் இருந்த ஐஸ் கம்பெனிக்குப் போனேன். மிஷின் சத்தத்துக்கு நடுவே ஒரு மேஸ்திரி வெளியே வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும், காசிமேட்டு மீன்பிடிக் குடும்பம், எங்கள் கோயில்காரர்தான். பெண்சாதி பிரசவத்தில் போய்விட்டவர். அவர் சட்டையில் ஐஸ் மிஷினுக்கு ஊற்றுகிற அமோனியாவின் நெடி கண்ணைக் கரித்தது. நான் கேட்டதைச் சொன்னேன்.

"செடிக்கா? மீனுக்குக் கேப்பாங்க, சோடா கடைக்குக் கேப்பாங்க. பொணத்துக்குக்கூட வாங்கினு போயிருக்காங்க டீச்சரம்மா. செடிக்குன்னு வந்தது நீங்கதான் மொதலு."

"தினமும் வேணும். மாசி வரைக்கும்."

அவர் சிரிக்கவில்லை. "ஒடஞ்ச கட்டி தெனமும் மிஞ்சுது, கடல்லதான் கொட்றோம். காலைல வேலை முடிச்சு வர்ற வழியில நானே போட்டுட்டுப் போறேன். உங்க வூடு தெரியும்" என்றார்.

அன்றிலிருந்து தினமும் காலை ஆறரை மணிக்குச் சாக்கில் சுற்றிய ஐஸ் வந்தது. நான் பெட்டியைத் திறந்து, உருகிய தண்ணீரை வடித்து, புதுக்கட்டியை வைத்து, டப்பாவுக்குப் பக்கத்தில் செருகியிருந்த ஃபாரன்ஹீட் வெப்பமானியைப் பார்த்து, "நாப்பத்தஞ்சு" என்று மாடிக்குக் கத்துவேன். "நல்லது" என்று மேலிருந்து குரல் வரும். அந்த 'நல்லது'க்காகவே அவன் முன்கூட்டி விழித்துக் காத்திருப்பான் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. வாரத்துக்கு ஒருதரம் டப்பாவைத் திறந்து பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று பார்ப்பேன். இல்லை. கிழங்குகள் கெட்டியாக, சில்லென்று, வெள்ளையாகவே இருந்தன.

மேஸ்திரி வாசலில் நின்று காப்பி குடித்துவிட்டுப் போவார். "இன்னா அண்ணாத்த, தூங்குதா?" என்று மாடியைப் பார்த்துக் கேட்பார். "குறட்டை விடுது" என்பான் அண்ணன். அவனுக்கு என்ன நோய் என்று மேஸ்திரி கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஒருநாள் காப்பி டம்ளரைத் திருப்பிக் கொடுக்கும்போது, "வர்ற ஈஸ்டருக்கு அப்புறம் எங்கம்மாவ கூட்டினு வரேன். பேசணும்னு சொல்லுது" என்றார். நான் டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அடுப்படியில் நின்று வெகுநேரம் அந்த டம்ளரைக் கழுவினேன். சந்தோஷம் என்று சொல்ல என் வாழ்வில் இருப்பது அந்த மார்கழியின் சில காலைகள்தான். அதனால் அதை விட்டுவிடாமல் எழுதுகிறேன்.

பக்கத்து வீட்டில் மீன் விற்கிற அக்கா ஒருத்தி இருந்தாள். நல்லவள். எங்கள் அம்மா செத்தபோது மூன்று நாள் சோறு பொங்கிப் போட்டவள். கிறிஸ்துமஸுக்கு நாலைந்து நாள் இருக்கும்போது குழாயடியில் என்னை நிறுத்தினாள்.

"டீச்சரம்மா, தெனம் ஐஸு வருதே, யாருக்கு?"

"செடிக்குக்கா. அண்ணன் வெச்சிருக்கற சீமைச் செடிக்கு."

அவள் என் முகத்தையே பார்த்தாள். "என் வூட்டுக்காரருக்கும் தெனம் ஐஸுதான் வெச்சோம், கடைசில. ரத்தம் கக்கறப்போ வாயில போட. என்கிட்ட ஏன் பொய் சொல்றே?"

இரண்டு வருஷமாக நான் சொன்ன பொய்யை அந்தத் தெரு நம்பியது. முதல்முறையாக உண்மையைச் சொன்னபோது நம்பவில்லை. உள்ளே வந்து பெட்டியைப் பார் என்று அவளைக் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் உள்ளே வந்தால் மாடியிலிருந்து வரும் இருமலைக் கேட்பாள், பினாயில் வாசனை வரும். "செடிக்குத்தான்கா" என்று மறுபடி சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அவள் யாரிடமும் கெட்ட எண்ணத்தோடு சொல்லியிருக்கமாட்டாள். பயத்தில் சொல்லியிருப்பாள். கிறிஸ்துமஸ் பூசையில் எங்கள் பாயில் எனக்கு இரண்டு பக்கமும் இடம் காலியாக இருந்தது. பள்ளி திறப்பதற்கு முந்தின நாள், பள்ளித் தலைமைக் கன்னியரான மதர் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள்.

"உன் அண்ணனுக்கு அந்த நோய் இல்லை என்று டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கி வா. போதும்" என்றார்கள்.

நான் அவர்கள் மேஜை மேலிருந்த வருகைப் புத்தகத்தைப் பார்த்தேன்.

"கொண்டுவர முடியுமா?"

"முடியாது மதர்."

அவர்கள் கண் கலங்கியது. "சின்னப் பிள்ளைகள், மகளே. பெற்றவர்களுக்கு நான் என்ன பதில் சொல்ல?" அவர்கள் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். என் வகுப்பில் முன் வரிசையில் உட்காருகிற குழந்தைகள் என் மேல் சாய்ந்துகொண்டுதான் வாசிக்கும். அதை நினைத்தபடியே வீட்டுக்கு நடந்து வந்தேன். கோபப்படக்கூட ஆள் இல்லை.

அண்ணனிடம் சொன்னேன். அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். சுவரைப் பார்த்தபடியே, "ஐஸை நிறுத்திடு" என்றான்.

"இனிமே நிறுத்தி என்ன ஆகப்போவுது? போனது போச்சு. அந்தச் செடியாவது பிழைக்கட்டும்."

இது அன்பினால் சொன்னதில்லை, பிடிவாதம். என் வேலையைத் தின்ற அந்த மூன்று கிழங்கும் முளைக்காமல் போனால் எதற்காக இத்தனை என்று இருந்தது.

பொங்கலுக்கு மிஷினை நிறுத்திச் சுத்தம் பண்ணுவார்கள், மூன்று நாள் ஐஸ் வராது என்று மேஸ்திரி முன்கூட்டியே சொல்லி, போகியன்று இரண்டு பெரிய கட்டியாகக் கொண்டுவந்து போட்டார். பெட்டியை உமிச்சாக்கு போட்டு மூடினேன். திறக்காமல் இருந்தால் மூன்று நாள் தாங்கும் என்றான் அண்ணன்.

பொங்கலன்று மத்தியானம் நான் அவனுக்குக் கஞ்சி எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன். அவன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தான். ஒரு கையால் வாயைப் பொத்தியிருந்தான். விரலிடுக்கு வழியே சிவப்பு வழிந்தது. கஞ்சிக் கிண்ணத்தை எங்கே வைத்தேன் என்று ஞாபகமில்லை. தலையணையை முதுகுக்கு வைத்தேன். மறுபடியும் வந்தது, நுரைத்து, கொத்தாக. இப்படி வந்தால் ஐஸ் வாயில் போடு, மார்பில் வை, அசையவிடாதே என்று டாக்டர் ஒருமுறை சொல்லியிருந்தார்.

நான் படிப்பக்கம் திரும்பியதைப் பார்த்தே அவனுக்குப் புரிந்துவிட்டது. கையை ஆட்டினான். "அதை... எடுக்காதே" என்றான். பேச்சோடு ரத்தமும் வந்தது.

இறங்கி ஓடினேன். சாக்கை இழுத்தெறிந்தேன். உள்ளே குளிர் முகத்தில் அடித்தது. இரண்டு கட்டியும் நன்றாக இருந்தன, பால் நிறத்தில். ஒன்றை உலக்கையால் உடைத்து முந்தானையில் அள்ளிக்கொண்டு மேலே போனேன். வாயைத் திறக்கமாட்டேன் என்றான். தாடையைப் பிடித்து அழுத்தித் திறந்து போட்டேன். துண்டில் கட்டி மார்பில் வைத்தேன். பொழுது சாய்வதற்குள் இரண்டாவது கட்டியும் தீர்ந்துவிட்டது. சாயந்திரம் டாக்டர் வந்து பார்த்துவிட்டு, வீட்டில் ஐஸ் இருந்ததால் நின்றது என்றார். வீட்டில் ஐஸ் எதற்கு இருந்தது என்று அவர் கேட்கவில்லை.

பெட்டியின் மூடியை அன்று மூடினேனா என்பதே நினைவில்லை. மூன்றாம் நாள் வெப்பமானியைப் பார்த்தேன். எண்பத்திரண்டு. மாடிக்குக் கத்தவில்லை.

அவன் அசையக்கூடாது, பேசக்கூடாது என்று டாக்டர் கட்டளை. நாலு நாள் கழித்துத்தான் பேசினான்.

"ஏழு வாரம் ஆயிருந்தது. இன்னும் அஞ்சே வாரம்."

எனக்கு அடக்கமுடியவில்லை. "செடி செத்தா செடி. நீ செத்தா நான் இன்னா பண்றது?"

"அதைத்தான் பண்ணப்போறே. கொஞ்ச நாள் தள்ளி."

நான் தரையைத் துடைத்தேன்.

மிஷின் மறுபடி ஓட ஆரம்பித்ததும் மேஸ்திரி வந்தார். இந்தமுறை வாசற்படிக்குக் கீழேயே நின்றார். ஐஸ் சாக்கைப் படியில் வைத்தார். காப்பி கொண்டுவந்து நீட்டினேன்.

"வேணாம் டீச்சரம்மா. வூட்ல குடிச்சிட்டுதான் வந்தேன்."

வேலை முடிந்து நேராக வருகிறவர் எப்படி வீட்டில் குடித்திருப்பார். இரண்டு பேரும் அந்த டம்ளரையே பார்த்தோம். "எங்கம்மா..." என்று ஆரம்பித்தார். "தெரியும். பரவாயில்லை" என்றேன். அவர் ஐஸை நிறுத்தவில்லை. அதைச் சொல்லவேண்டும். அதற்குப் பிறகும் கடைசி வரைக்கும், அண்ணனுக்காக, தினமும் படியில் ஐஸ் இருந்தது. நான் கதவைத் திறப்பதற்குள் அவர் சந்துமுனையைத் தாண்டியிருப்பார். ஈஸ்டர் கழிந்து காட்டுப்பள்ளி ஊர்ப் பெண் ஒருத்தியைக் கட்டிக்கொண்டார். அவர் எனக்கு எந்த வாக்கும் கொடுத்ததில்லை.

கிழங்குகளை அண்ணன் சொன்னபடி தொட்டியில் நட்டிருந்தேன். இரண்டாம் தரம் குளிரில் வைத்தாலும் தூங்காது, அழுகும் என்றுவிட்டான். நட்டும் இரண்டு அழுகிவிட்டன. மூன்றாவது மாசியில் ஒரு இலை விட்டது. நகம் அளவு வாய், வெளிறிப்போய், உள்ளே சிவப்பே இல்லை. அண்ணன் அதைக் கட்டிலோரம் கொண்டுவரச் சொன்னான். இரண்டு நாள் அதன் பக்கமே திரும்பிப் படுத்திருந்தான். ஒரு கட்டெறும்பு தொட்டி விளிம்பேறி, இலையேறி, அந்த வாய்க்குள் இறங்கியது. ரோமத்தைத் தொட்டது. மறுபடி தொட்டது. வாய் பாதி மூடி அப்படியே நின்றது. எறும்பு இடுக்கு வழியாக வெளியே வந்து, வந்தவழியே இறங்கிப் போயிற்று.

"பலம் இல்லை" என்றான் அண்ணன்.

பங்குனியில் அதுவும் கறுத்தது. அவன் அதைப் பற்றிப் புரொபசருக்கு ஒரு கடிதம் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். பெட்டி, உமி, ஐஸ், எத்தனை வாரம், எத்தனை டிகிரி என்று எல்லாம் இருந்தது. ஏழாவது வாரத்தில் ஐஸ் ஏன் தீர்ந்தது என்று மட்டும் எழுதவேண்டாம் என்றான். 'எதிர்பாராத காரணத்தால்' என்று எழுதினேன். இரண்டு வாரத்தில் பதில் வந்தது. விவரங்களுக்கு நன்றி, அந்தச் செடியை இந்தச் சீதோஷ்ணத்தில் வளர்க்க முடியாது என்பது முன்பே தெரிந்ததுதான், உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். வாசித்துக் காட்டினேன். "கையெழுத்து அவரோடதுதானா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். கடிதத்தை வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டான்.

வைகாசியில் ஒரு மத்தியானம் போய்விட்டான். அன்று ரத்தமில்லை, போராட்டமில்லை. காற்று வரவில்லை, ஜன்னலை நன்றாகத் திற என்றான். அது திறந்துதான் இருந்தது. நான் எழுந்து திறப்பதுபோலச் செய்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

முனிசிபாலிட்டி ஆட்கள் வந்து மாடி அறைக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். மெத்தையையும் அவன் நோட்டுகளையும் சந்திலேயே போட்டுக் கொளுத்தினார்கள். மரப்பெட்டி எரியட்டுமா என்று ஒருவன் கேட்டான். எரியட்டும் என்றேன். உமி நெடுநேரம் புகைந்தது. வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னார். ஆடி பிறப்பதற்குள் திருவொற்றியூரில் தீப்பெட்டி ஒட்டுகிற வேலை கிடைத்தது. கம்பெனிக்குப் பக்கத்திலேயே வரிசையாக இருந்த கூரை வீடுகளில் ஒன்றைப் பார்க்கப் போனேன். வீட்டுக்காரம்மா வாயில் வெற்றிலையோடு வந்து கதவைத் திறந்துவிட்டாள்.

"எத்தினி பேரு?"

"நான் மட்டும்தான்."

அவள் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள். கிணறு பின்பக்கம், தண்ணீர் கொஞ்சம் உப்பு, குடிக்கத் தெருக்குழாய்க்குப் போகவேண்டும் என்று சொல்லிவிட்டுச் சாவியை என் கையில் வைத்தாள்.